விரட்டப்பட்டோர் வளர்த்த வீதி

நீல நிறத் தாள் ஒன்று. அதிலே வசைமொழி இல்லை, தண்டனை இல்லை. படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற செய்தி மட்டுமே இருந்தது. மதிப்புடன் விடுவிக்கப்பட்டார் என்றும் இல்லை, இழிவுடன் நீக்கப்பட்டார் என்றும் இல்லை. ஆனால் தாளின் நிறம் நீலம்! ஒருவன் வாழ்வைக் கருக்க அந்த நிறமே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்துறை இந்த நீலத் தாளை ஆயிரக்கணக்கில் வழங்கிற்று. கருப்பின வீரர் பலருக்கு வழங்கிற்று. ஆணை விரும்பிய ஆணுக்கும், பெண்ணை விரும்பிய பெண்ணுக்கும் வழங்கிற்று. களத்திலே குண்டுக்கு மார்பு காட்டியபோது 'நீ யாரை விரும்புகிறாய்?' என்று எவரும் கேட்கவில்லை. பகைவனைக் கொல்ல அந்தக் கைகள் பயன்பட்டன. காதலனின் தோளைத் தொட்டதும் கறைபட்டுவிட்டனவாம்! நீலத் தாள் பெற்றவனுக்கு, போர் வீரர்களுக்கென அரசு அறிவித்த கல்வி உதவியும் வீட்டுக் கடனும் மறுக்கப்பட்டன. வேலை கேட்டுச் சென்ற இடத்தில் முதலாளி அந்தத் தாளைக் கேட்டான். பிறந்த ஊருக்குத் திரும்பினாலோ அண்டை வீட்டார் கேட்பர். பெற்ற தாயே கேட்பாள். என்ன சொல்வது?

திரும்ப ஊர் இல்லாதவர்கள், இறங்கிய துறைமுகத்திலேயே தங்கிவிட்டனர். பசிபிக் போர்முனைக்குப் படைகளை ஏற்றி அனுப்பிய துறைமுகம், சான் பிரான்சிஸ்கோ. அந்த நகரின் ஒரு வீதி இவர்களுடைய வீதியாக மாறிய வரலாறு, நகர வரலாறு பயிலும் இளைஞர் எவரும் அறிய வேண்டியது. அரண்மனையும் கோட்டையும் எழும்பிய கதையை ஆயிரம் பேர் எழுதியுள்ளனர். ஒதுக்கப்பட்ட மக்கள் ஒரு தெருவையே தங்கள் முகவரியாக்கிக்கொண்ட கதையும், பிறகு அந்த முகவரியே அவர்களுள் ஏழைகளுக்கு எட்டாக்கனியான கதையும் அத்துணை பரவலாகச் சொல்லப்படவில்லை.

முதலில் அவர்களுக்குக் கிடைத்தது வீதியன்று, மதுக்கடைகளே. நார்த் பீச் பகுதியில் 'பிளாக் கேட்' என்றொரு கடை. தன்பால் விழைவோர் அங்கே கூடுகின்றனர் என்பதற்காக அதன் உரிமத்தைப் பறித்தது அரசு. உரிமையாளர் வழக்காடினார். இத்தகையோர் கூடுகின்றனர் என்பது மட்டுமே உரிமத்தைப் பறிக்கக் காரணமாகாது என்று 1951இல் கலிபோர்னியா மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உட்கார்ந்து ஒரு கோப்பை பருகும் உரிமைக்கு உச்சநீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்! தீர்ப்புக்குப் பிறகும் போலீசாரின் தொல்லை ஓயவில்லை. அந்தக் கடையிலே பாடகராக இருந்த ஹோசே சாரியா 1961இல் நகராண்மைக் கழகத் தேர்தலில் நின்றார். தன்னை மறைத்துக்கொள்ளாமல் நின்ற அவர் வெல்லவில்லை. எனினும் ஆயிரக்கணக்கான வாக்குகள் விழுந்தன. இத்தனை பேர் இருக்கின்றனரா என்று ஊர் வியந்தது. அவர்களும் வியந்தனர்.

1965 புத்தாண்டு நாள் இரவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிறித்தவப் பாதிரிமார் சிலர் இவர்களோடு சேர்ந்து அமைத்த மன்றத்துக்காக ஒரு நடன விழா. வந்தவர் ஒவ்வொருவரையும் வாயிலில் நின்று நிழற்படம் எடுத்தனர் போலீசார். அச்சுறுத்த வேறு ஆயுதம் எதற்கு? மறுநாள் அந்தப் பாதிரிமாரே செய்தியாளரைக் கூட்டிப் போலீசாரைக் கண்டித்தனர். மதத்தின் பெயரால் இவர்களை வதைத்தோர் பலர். ஆயினும் அங்கி அணிந்தோர் எல்லாரும் ஒரே குரலில் பேசினர் என எழுதினால் அது வரலாறாகாது.

அடுத்த ஆண்டு, 1966 ஆகஸ்டில், ஏழைகளின் ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த டெண்டர்லாயின் பகுதியில், டர்க் தெருவும் டெய்லர் தெருவும் கூடும் மூலையிலிருந்த காம்ப்டன் சிற்றுண்டிச் சாலையில், திருநங்கையர் பொங்கி எழுந்தனர். கைது செய்ய வந்த போலீஸ்காரர் முகத்தில் சூடான காப்பி பறந்தது; கண்ணாடிகள் நொறுங்கின. நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலகத்துக்கு மூன்றாண்டு மூத்தது இந்தக் கிளர்ச்சி. அது எந்தத் தேதியில் நடந்தது என்பதுகூட இன்று துலங்கவில்லை. ஏழையின் சினம் ஏடேறுவதில்லை. அந்த மூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் அங்கே வருவோம்.

இனி, அந்த வீதி.

நகரின் நடுவிலே, இரட்டைக் குன்றுகளின் அடிவாரத்தில், யுரேகா பள்ளத்தாக்கு என்றொரு பகுதி. 1887இல் மார்க்கெட் தெருவின் கம்பிவட டிராம் அங்கே நீண்டதும் வீடுகள் எழும்பின. ஐரிஷ்காரர், ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர் எனத் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. மாடியும் மரவேலைப்பாடும் கொண்ட வீடுகள். 1900இல் உருவான கத்தோலிக்கப் பங்கு. 1922இல் எழும்பிய காஸ்ட்ரோ திரையரங்கு. அதன் பெரிய தெருவுக்குக் காஸ்ட்ரோ என்று பெயர். கலிபோர்னியா மெக்சிகோ நாட்டுக்கு உரியதாக இருந்தபோது, அமெரிக்கர் வருகையை எதிர்த்து நின்ற ஹோசே காஸ்ட்ரோவின் பெயர் அது. நிலம் பறிபோயிற்று, பெயர் தங்கிற்று. இடம் பெயர்ந்தோரின் வரலாறு அந்தத் தெருவின் பெயர்ப்பலகையிலேயே தொடங்குகிறது.

போருக்குப் பின் காட்சி மாறிற்று. அரசு தந்த வீட்டுக் கடனைப் பெற்றுக்கொண்டு (ஆம், நீலத் தாள் பெற்றவருக்கு மறுக்கப்பட்ட அதே கடன்தான்) இளங்குடும்பங்கள் புறநகர்களுக்குப் புறப்பட்டன. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் எதிர்க்கரையிலுள்ள ஓக்லந்தை நாடின. துறைமுக வேலை தேய்ந்தது. 1950இல் 7,75,000க்கு மேலிருந்த நகர மக்கள் தொகை 1980இல் 6,79,000க்கும் கீழே இறங்கிற்று. யுரேகா பள்ளத்தாக்கில் முதியோர் மட்டும் தங்கினர். சாயம் உதிர்ந்த வீடுகள் மலிந்த விலைக்கு வந்தன. ஒருவர் கைவிட்டதைத்தான் மற்றவர் எடுத்தனர். எவர் வீட்டையும் எவரும் கொள்ளையிடவில்லை. 'அவர்கள் வந்ததால் நாங்கள் போனோம்' என்ற முறையீடு பிற்காலத்தில் எழுந்தது. ஆனால் பலர் போனபிறகுதான் அவர்கள் வந்தனர்.

அதற்கும் முன்பே வந்தவர் உண்டு. டெல் மார்ட்டின், பில்லிஸ் லயன் என்னும் இரு பெண்கள் 1953இலேயே காஸ்ட்ரோ தெருவில் வாடகைக்குக் குடியேறி இணைந்து வாழத் தொடங்கினர். 1955இல் அவர்கள் உட்பட எட்டுப் பெண்கள் கூடி 'பிலிட்டிஸின் மகளிர்' என்ற அமைப்பைக் கண்டனர். திரைச்சீலை மூடிய வீட்டுக்கூடத்தில் பிறந்தது அந்த இயக்கம்.

1963இல் அந்தப் பகுதியில் இவர்களுக்கான முதல் மதுக்கடை தோன்றிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளமெனத் திரண்டு வந்தனர் இளைஞர். வாங்கிய வீட்டைத் தாங்களே பழுது பார்த்தனர், தாங்களே வண்ணம் பூசினர். பழைய மதுக்கடைப் பகுதிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நார்த் பீச்சுக்கு இரவில் வந்தனர், விடியுமுன் மறைந்தனர். காஸ்ட்ரோவில் பகலில் வாழ்ந்தனர். காய்கறி வாங்கினர், துணி வெளுக்கப் போட்டனர், வங்கியில் கணக்கு வைத்தனர், கைகோத்து நடந்தனர். 1972இல் காஸ்ட்ரோ தெருவும் மார்க்கெட் தெருவும் கூடும் முனையிலிருந்த 'ட்வின் பீக்ஸ்' மதுக்கடையை இரு பெண்கள் வாங்கினர். தெருவைப் பார்த்த சுவரில் பெரிய கண்ணாடிச் சாளரங்களைத் திறந்துவைத்தனர். அதுவரை இத்தகைய கடைகளுக்குச் சாளரம் கிடையாது. இருந்தாலும் கருஞ்சாயம் பூசியிருக்கும். உள்ளே இருப்போரை ஊர் பார்க்கலாம், பார்த்துவிட்டுப் போகட்டும் என்றது அந்தக் கண்ணாடி! 2013இல் நகர அரசு அக்கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கற்கோட்டையைச் சின்னமாக்குவது வழக்கம். ஒரு சாளரத்துக்காகச் சின்னமான கட்டடம் எத்தனை?

மறு ஆண்டு, 1973, நியூயார்க்கிலிருந்து வந்த ஹார்வி மில்க் தம் துணைவருடன் அதே தெருவில் ஒரு நிழற்படக் கடை திறந்தார். அவரும் படையில் இருந்தவரே. 1955இல் கடற்படையிலிருந்து, மதிப்புக் குறைவான விடுவிப்பை ஏற்று வெளியேற நேர்ந்தவர். அதே கடற்படை 2021இல் ஒரு கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டிக் கடலில் இறக்கிற்று. 2025இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. கொடுப்பதும் பறிப்பதும் அதிகாரத்தின் விளையாட்டு.

அப்பகுதியின் பழைய வணிகர் சங்கம் புதியவர்களின் கடைகளை ஏற்கவில்லை. உரிமம் கிடைக்கவொட்டாமல் தடுக்கவும் முயன்றது. வெளியே நிறுத்தப்பட்டோர் தங்களுக்கென 'காஸ்ட்ரோ வில்லேஜ்' வணிகர் சங்கத்தை அமைத்தனர். 1974இல் தெருத் திருவிழா நடத்தினர். கூட்டம் அலைமோதிற்று, விற்பனை பெருகிற்று. முகம் சுளித்த பழைய கடைக்காரரும் கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டனர்! பீர் வண்டி ஓட்டும் தொழிலாளரின் சங்கம் ஒரு பெரிய ஆலையை எதிர்த்தபோது, அந்த ஆலையின் சரக்கை இந்த வட்டார மதுக்கடைகள் விலக்கின. ஈடாக மில்க் கேட்டது ஒன்றே: எங்கள் பிள்ளைகளுக்கும் வண்டி ஓட்டும் வேலை தாருங்கள். தொழிற்சங்கமும் தெருவும் கைகுலுக்கின.

தெரு, வாக்கானது எப்படி? இதுதான் வரலாற்றின் மையம். மில்க் 1973இல் நகராண்மைக் கழகத்துக்கு நின்றார், தோற்றார். 1975இல் நின்றார், இடங்கள் ஆறு, அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். அப்போது நகர் முழுவதும் ஒரே தொகுதி. பணம் படைத்தோரும் பெயர் பெற்றோரும் வெல்வர். ஒரு பகுதி மக்கள் எத்தனை ஒற்றுமையாக வாக்களித்தாலும் கடலில் கரைத்த பெருங்காயமாகும். 1976இல் மக்கள் வாக்கெடுப்பு அந்த முறையை மாற்றி, நகரைப் பதினொரு தொகுதிகளாகப் பிரித்தது. 1977 தேர்தலில் காஸ்ட்ரோ அடங்கிய ஐந்தாம் தொகுதி மில்க்கை அனுப்பிற்று. அதே தேர்தலில் சீன வம்சாவளியினர் ஒருவர் முதன்முதலாக வென்றார். கருப்பினப் பெண் ஒருவர் முதன்முதலாக வென்றார். ஒரு பகுதியிலே திரண்டு வாழ்வது வெறும் பாதுகாப்பு மட்டுமன்று, அது அரசியல் வலிமையும் ஆகும் என்பது அன்று மெய்ப்பட்டது.

ஆனால் வரலாறு ஒருபக்கத் தராசு அல்லவே! அதே தொகுதி முறை நகரின் தென்கோடித் தொழிலாளர் பகுதியிலிருந்து டான் ஒயிட் என்பவரையும் அனுப்பிற்று. போலீசிலும் தீயணைப்புப் படையிலும் பணியாற்றியவர். மாறிவரும் நகரைக் கண்டு மனம் குமுறிய மக்களின் குரலாக நின்றவர். ஒரு வீதியின் நம்பிக்கையும் இன்னொரு வீதியின் அச்சமும் ஒரே மன்றத்தில் அருகருகே அமர்ந்தன. 1978இல் வேலையிலும் குடியிருப்பிலும் தன்பால் விழைவோரை விலக்கக் கூடாது என்று மில்க் கொண்டுவந்த சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர் ஒருவரே. அவர் ஒயிட். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று, அத்தகையோர் பள்ளி ஆசிரியராக இருக்கக்கூடாது என்ற திட்டத்தைக் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தனர். இருபது நாள் சென்றன. நவம்பர் 27. பதவி விலகி, பின் அதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஒயிட், சோதனைக் கருவிக்குத் தப்ப நகர மன்றத்தின் அடித்தளச் சாளரம் வழியே நுழைந்து, மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியைச் சுட்டார். பின்னர் மில்க்கைச் சுட்டார்.

அன்றிரவு காஸ்ட்ரோ தெருவிலிருந்து மெழுகுவத்தி ஏந்திய ஊர்வலம் ஓசையின்றி நகர மன்றம் நோக்கி நடந்தது. 1979 மே 21 அன்று, திட்டமிட்ட கொலையன்று எனக் கூறிக் குறைந்த தண்டனைக்கு வழிவிட்டது நீதிமன்றம். அன்றிரவு ஓசை எழுந்தது. நகர மன்றத்தின் கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் கார்கள் எரிந்தன. பதிலுக்குப் போலீசார் காஸ்ட்ரோவுக்குள் புகுந்து மதுக்கடை ஒன்றில் இருந்தோரை அடித்து நொறுக்கினர். 1980இல் தொகுதித் தேர்தல் முறையும் நீக்கப்பட்டது. அது திரும்பி வர 2000 ஆயிற்று.

பிறகு நோய் வந்தது. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஐந்து நோயாளரைப் பற்றி அரசு மருத்துவ ஏடு முதற்குறிப்பு வெளியிட்டது. அந்த ஆண்டே காஸ்ட்ரோ தெரு மருந்துக்கடை ஒன்றின் சாளரத்தில், பாபி கேம்பெல் என்ற ஆண் செவிலியர் தம் உடலில் தோன்றிய புண்களின் படங்களை ஒட்டிவைத்தார். கண்டோர் தம் உடலையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. 'கடவுள் தந்த தண்டனை' என முழங்கினர் சமய மேடையினர். தண்டனையா! கிருமிக்குச் சமயம் தெரியுமா, பாலினம் தெரியுமா? தெரிந்ததெல்லாம் பரவும் வழி ஒன்றே. முழங்கியவர் முழங்கட்டும் என்று அந்த வீதி வேலையில் இறங்கிற்று. அண்டை வீட்டார் சமைத்துக் கொடுத்தனர். முறைவைத்து இரவெல்லாம் கண்விழித்தனர். 1983இல் நகரப் பொது மருத்துவமனையில் இந்நோய்க்கென நாட்டிலேயே முதல் தனிப்பிரிவு திறந்தது. அங்கே செவிலியர் நோயாளியைக் கையுறையின்றித் தொட்டனர்.

முன்னே சொன்ன கத்தோலிக்கப் பங்கை நினைவிருக்கிறதா? குடும்பங்கள் புறநகர் சென்றபின் அதன் கோயிலில் எஞ்சியோர் ஐரிஷ் மூதாட்டியர் சிலரே. அந்த இருக்கைகளில் வந்து அமர்ந்தனர் தன்பால் விழையும் கத்தோலிக்க இளைஞர். ரோமாபுரியின் தலைமை அவர்களைப் பாவிகள் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, கன்னியர் நீங்கிய மடத்தின் கட்டடம் 1987இல் இறக்கும் தறுவாயிலுள்ள நோயாளரின் இல்லமாயிற்று. வேதம் செய்யாததை அண்டை அயல் செய்தது. பல்லாயிரவர் மாண்டனர். வாரந்தோறும் இரங்கல் செய்திகளால் நிறைந்த அப்பகுதியினரின் வார ஏடு, 1998 ஆகஸ்டில் ஒரு நாள், இவ்வாரம் இரங்கல் செய்தி இல்லை என்பதையே தலைப்புச் செய்தியாக வெளியிட்டது. அந்தத் தலைப்பின் பொருள் உணர, அதற்கு முந்தைய வாரங்களை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இறப்போடு இன்னொரு கொடுமையும் இணைந்திருந்தது. இணைவருள் ஒருவர் மாண்டால் வீடு யாருக்கு? பத்தாண்டு கூடி வாழ்ந்தவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். வீட்டைவிட்டுத் துரத்திய பெற்றோர் உரிமையாளராகத் திரும்பி வருவர். கண்விழித்துக் காத்தவர் பெட்டியுடன் படியிறங்குவார். இணைவரைப் பதிவு செய்யும் சட்டத்தை நகராண்மைக் கழகம் 1982இல் நிறைவேற்றியும் மேயர் மறுத்துவிட்டார்; 1990இல்தான் வாக்காளர் ஒப்பினர். 2004இல் மேயர் கேவின் நியூசம் திருமண உரிமம் வழங்கத் துணிந்தபோது முதல் உரிமம் பெற்றவர் மார்ட்டினும் லயனும்தான். காஸ்ட்ரோ தெருவில் குடியேறி அப்போது 51 ஆண்டுகள். அந்தத் திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. 2008இல் மீண்டும் மணந்தனர். 'திருமணம் ஒரு சடங்குதானே, அதற்கு ஏன் போராட்டம்?' எனக் கேட்கும் நண்பர் உண்டு. சடங்குக்காக அல்ல, நண்பரே. சாவி யார் கையில் என்பதற்காக.

புகழைச் சொன்னால் குறையையும் சொல்லியாக வேண்டும். காஸ்ட்ரோ யாருடைய வீதியாக இருந்தது? பெரும்பாலும் வெள்ளையருடையது, ஆண்களுடையது. கருப்பின இளைஞன் மதுக்கடை வாயிலில் நின்றால் ஒன்றுக்கு மூன்று அடையாளச் சீட்டு கேட்டனர், பெண்களிடமும் கேட்டனர். விரட்டப்பட்ட வேதனையை அறிந்தவர் விரட்டமாட்டார் என்று எண்ணினால் ஏமாறுவோம். மானுவேல் காஸ்டல்ஸ் என்னும் சமூகவியலார் 1983இல் எழுதிய நகர ஆய்வு நூலில், ஆண்கள் இடத்தைப் பிடிப்பர், பெண்களோ உறவு வலையை நாடுவர் என்று காரணம் காட்டினார். மறுத்தோர் பலர். என் சிற்றறிவுக்கும் மறுத்தோரே சரியெனப் படுகிறது. இரு ஆண்களின் ஊதியம் சேர்ந்தால் வீடு வாங்கலாம். இரு பெண்களின் ஊதியம் சேர்ந்தால் அன்று வாடகைதான் கொடுக்க முடிந்தது. குணத்தில் காரணம் தேடுவானேன், கூலியில் இருக்கும்போது? வாடகை மலிந்த வெலன்சியா தெருப் பக்கம் பெண்கள் குடியேறினர், புத்தகக் கடையும் மகளிர் மனையும் கண்டனர். அங்கே வாடகை ஏறியதும் முதலில் கலைந்தவர்களும் அவர்களே.

வாடகை! நோயும் துப்பாக்கியும் கலைக்காத வீதியை அது கலைத்தது. பழுது பார்த்த வீடு அழகாயிற்று. அழகான வீடு விலையேறிற்று. ஏறிய விலையைக் கேட்டுச் செல்வர் வந்தனர். வாடகைத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக் குடியிருப்போரை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு 1985ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் வழிவிட்டது. கணினி நிறுவனங்களின் செல்வம் நகருக்குள் பாய்ந்தபோது அந்தச் சட்டம் கூர்வாளாயிற்று. 'இன்று எங்கும் வாழலாமே, தனி வீதி எதற்கு?' என்பாரும் உளர். எங்கும் வாழ முடிந்தவருக்குத் தேவையில்லைதான். ஆனால் தொலைதூர மாநிலத்துச் சிற்றூரிலிருந்து, தந்தை கதவை அடைத்தபின், ஒரு பையுடன் பேருந்தில் வந்திறங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தேவை. அந்தப் பிள்ளைக்கு இன்று காஸ்ட்ரோவின் நடைபாதையில் வானவில் வண்ணம் இருக்கிறது, வெண்கலப் பலகைகளில் முன்னோர் பெயர்கள் இருக்கின்றன. வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதுதான் அரிது.

நகர அரசு விழிக்காமல் இல்லை. டர்க், டெய்லர் தெருக்களின் மூலையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அந்த மூலையைச் சுற்றிய பகுதி 2017இல் திருநங்கையர், திருநம்பியர் பண்பாட்டு வட்டாரம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டது. உலகில் அதுவே முதலாவது. காஸ்ட்ரோவும் 2019இல் பண்பாட்டு வட்டாரமாயிற்று. பெயர் கிடைத்தது, பெயருக்கு வாடகைச் சீட்டை நிறுத்தும் வலிமை இல்லை. மார்க்கெட் தெருவை அடுத்த லகூனா தெருவில், முன்பு ஆசிரியர் கல்லூரியாக இருந்த கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, தன்பால் விழையும் முதியோரையும் வரவேற்கும் குறைந்த வாடகை இல்லமாயிற்று. அதில் 40 குடியிருப்புகள். 2019இல் பக்கத்திலேயே இன்னொன்று எழுந்தது, அதில் 79. எழுபதுகளில் இளைஞராக வந்து சுவருக்கு வண்ணம் பூசியவர்களுக்கு இன்று எழுபது வயதும் எண்பது வயதும். அவர்களும் விண்ணப்பம் எழுதிப் போடுகின்றனர். வீடு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.